மஞ்சள் பல்லு எழுதியவளுக்கு

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பேசாமல் இருப்பதைச் சிலர் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் கோபம் என்று. என் விஷயத்தில் இரண்டும் இல்லை. அது என்ன என்பதை ஒரு தடவையாவது எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். கையில் மதராஸிலிருந்து வந்த கடிதம். பி.ஏ. பரீட்சை முடிந்ததும் கிளம்பி வந்து, நீ எழுதும் பத்திரிகையின் பெண்கள் பகுதியில் உதவியாசிரியையாகச் சேரலாம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். மயிலாப்பூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வதாக நீயும் அம்மாவும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தீர்கள். "அப்பா, போகட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நீங்க வேண்டாம்னா நான் போகலை" என்றாய். நான் பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் படித்தேன். அந்தப் பக்கத்தில் டெண்டர் விளம்பரங்கள்தான் இருந்தன. நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாய். அந்த ஒரு வார்த்தை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. பொறுமையாகப் படி.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம், ஒரு நாள் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஃபேஷன் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னாய். நான் சிரித்தேன். "தையக்காரன் படிக்கறதுக்கா எழுதப் போறே?" என்று கேட்டேன். நீ அசரவில்லை. "தையக்காரனுக்குத் தெரியும்ப்பா. தெரியாதவாளுக்குத்தான் எழுதணும்" என்றாய். கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும், உனக்கு எழுத வரும் என்று. எனக்கு அது புரிய வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு எழுத கான்வென்ட்டில் படித்த பெண்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், தமிழ்ப் பத்திரிகையில் பம்பாய் நாகரிகம் பற்றி எழுத யாரும் இல்லை என்று நீயே கணக்குப் போட்டிருந்தாய். ஆனால் உன் தமிழ் எனக்குத் தெரியும். இங்கே பம்பாய்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்தது இங்கிலீஷும் இந்தியும் மராத்தியும். தமிழ் எழுத்து நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. றகரம் எங்கே ரகரம் எங்கே என்று இன்றைக்கும் உனக்கு நிச்சயமில்லை. வாயைத் திறந்தால் பாதி இந்தி. அப்படிப்பட்டவள் எந்தப் பத்திரிகைக்கு எழுத ஆசைப்பட்டாய் என்று நினைத்துப் பார். நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கதையும் கட்டுரையும் அனுப்பி, ஒன்றுவிடாமல் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்த அதே பத்திரிகைக்கு.

முதல் கட்டுரையை என்னிடம்தான் கொண்டு வந்தாய். திருத்தித் தரச் சொன்னாய். நான் திருத்தினேன் என்று சொல்வது சரியாகாது, புதிதாகவே எழுதினேன். நீ "ஸ்லீவ்" என்று எழுதியதைக் கைப்பகுதி ஆக்கினேன். "டெரிலின் புடவைக்கு இஸ்திரி தொல்லை இல்லை" என்ற வரியை "செயற்கை இழையாலான சேலைகள் மடிப்புக் குலையாத இயல்பினவாதலின்" என்று மாற்றினேன். உனக்குப் புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. நீ அழகாகப் பிரதி எடுத்து அனுப்பினாய். திரும்பி வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் தபால்காரர் கொடுத்த அந்த நீளக் கவரை நீ மேஜை மேல் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொள்ளப் போவாய். நான் அம்மாவிடம், அந்த ஆசிரியருக்கு நல்ல தமிழ் தெரியாது என்று சொல்லுவேன். ஆறுதலாக இருந்தது. இந்த வீட்டில் திரும்பி வரும் கவர் என் ஒருவனுக்கு மட்டும் இல்லை என்றாகியிருந்ததல்லவா.

அதற்கப்புறம் நீ எனக்குக் காட்டாமல் ஒன்றை அனுப்பினாய். அது அச்சில் வந்துவிட்டது.

அதை நான் முதலில் பார்த்தது கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில், கீழ்வீட்டு விச்சுவின் கையில். அவர் பத்திரிகையை உயரப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி வாசித்தார். "இந்த சீஸனில் சிவப்புப் புடவைக்கு மஞ்சள் பல்லுதான் எடுப்பு. வெள்ளைப் பல்லு பழசாகிவிட்டது. பல்லு நீளமாக இருந்தால் முழங்கால் வரை தொங்க விடலாம். காற்றில் பறந்தால் இன்னும் அழகு." இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. விச்சு என்னைப் பார்த்து, "என்ன சார், பொண்ணு பி.ஏ. படிக்கறான்னு சொன்னேள். பல் டாக்டருக்குன்னா படிக்கறா போலிருக்கே" என்றார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டேன். "தோள்ல தொங்கற புடவை முனைக்குத் தமிழ்ல பேர் இல்லையா? பல்லுன்னு இந்தியை எழுதி வெச்சிருக்கே. ஊர் சிரிக்கறது" என்றேன். நீ நிஜமாகவே திகைத்துப் போனாய். "பல்லுன்னா தமிழ் இல்லையா? இங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றா" என்றாய். "ஆத்துல அம்மா தலைப்பு தலைப்புன்னு சொல்றது காதுல விழலையா?" என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "விழுந்தது. ஆனா எழுதும்போது தலைப்புன்னா கட்டுரைக்கு மேல போடறதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தேள்? அதைப் புடவைக்கு எப்படிப் போடறதுன்னு விட்டுட்டேன்." அடுப்படியில் அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மதராஸில் உன்னைக் கிழித்துப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இந்தி வேண்டாம் என்று காலேஜ் பிள்ளைகள் அங்கே தெருவில் நின்ற வருஷம் அது. அந்த நேரத்தில் பெண்கள் பகுதியில் நடுநாயகமாக ஓர் இந்தி வார்த்தை. உன் அத்தியாயம் அத்தோடு முடிந்தது, இனி நீ பரீட்சைக்குப் படிப்பாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். அடுத்த இதழில் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. "என் மாமியாருக்கு வெகு நாளாகவே மஞ்சள் பல்லுதான். பம்பாயில் அதுதான் நாகரிகம் என்று தெரியாமல் இத்தனை காலம் வேப்பங்குச்சி ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்." ஆசிரியர் அதை அச்சிட்டு, உன்னைப் பதில் எழுதச் சொன்னார். நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு, அச்சுப்பிழை என்று சாதித்திருப்பேன். நீ இரண்டே வரி எழுதினாய். "மாமியாரிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். முழங்கால் வரை வளர்ந்தால் தோளில் ஒரு பின் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள்." அதோடு தொடங்கியதுதான் எல்லாம். உன் பகுதிக்கு "மஞ்சள் பல்லு" என்றே பெயர் வைத்தார்கள். கடிதங்கள் வந்தன. மாதம் ஒரு தடவை ஆசிரியர் அலுவலகத்திலிருந்து அவற்றைக் கட்டாகக் கட்டி இங்கே அனுப்புகிறார்கள். மயிலாப்பூர் சித்தி எழுதியிருந்தாள், அங்கே ஜவுளிக் கடையில் பெண்கள் சிரித்துக்கொண்டே மஞ்சள் பல்லு கேட்கிறார்களாம், கடைக்காரரும் சிரிக்காமல் எடுத்துப் போடுகிறாராம்.

நான் எம்.ஏ. படித்தவன். தமிழில் புதுச் சொற்கள் வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்துக்காக எத்தனையோ சொற்களை யோசித்து யோசித்துக் கோத்தவன். அவற்றை அவர்கள் ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லி, இடமில்லை என்று நெய் விளம்பரத்தைப் போட்டார்கள். அந்த மலரை யார் தயாரித்தார் என்று எனக்குத் தெரியும். அவரை எதிரில் பார்த்தால் இன்றைக்கும் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். நான் கோத்த ஒரு சொல்லைக்கூட ஒரு ஜீவனும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. நீ தெரியாமல் செய்த ஒரு தப்பு கும்பகோணத்துக்கும் மதராஸுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மௌனத்துக்குக் காரணம் கேட்டாயே அம்மாவிடம். காரணம் இதுதான். பொறாமை. நாசூக்கான வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. தகப்பன் மகளைப் பார்த்துப் பொறாமைப்படுவான் என்று நான் எங்கும் படித்ததில்லை. மகன் என்றால் பெருமையோடு சேர்த்து விழுங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

நீ எப்படி எழுதுகிறாய் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். இதை நீ அறிய மாட்டாய். உன் பகுதியை ஒவ்வொரு வாரமும் ஆபீஸில் டிராயருக்குள் வைத்துப் படித்தேன். வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், பாதியில் எழுவாய் காணாமல் போகும். ஆனால் விடமுடியவில்லை. ஒரு நாள் அம்மாவிடம், இவளுக்கு இத்தனை விஷயம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டேன். "லேடீஸ் டப்பாலதான்" என்றாள். நீ தினமும் ரயிலில் பெண்கள் பெட்டியில் போகும்போது, முன்பின் தெரியாதவர்களிடம் வாய்விட்டுக் கேட்பாயாம். பட்டன் ஏன் முதுகுப் பக்கம் இருக்கிறது, தனியாக இருந்தால் எப்படிப் போட்டுக்கொள்வீர்கள், கொண்டைக்குள்ளே என்ன வைத்து உயர்த்துகிறீர்கள் என்று. குஜராத்திப் பெண்கள், சிந்திப் பெண்கள், கூடைக்காரிகள், எல்லாரும் பதில் சொல்வார்களாம். "அவ கேக்கறா. அவா சொல்றா. நீங்க இத்தனை வருஷமா ரயில்ல போறேளே, யாரையாவது ஏதாவது கேட்டிருக்கேளா?" என்றாள் அம்மா. கேட்டதில்லை. அந்தப் பெட்டிக்குள் நான் ஏறவும் முடியாது. என்றாலும், நான் ஏறும் பெட்டியிலும் ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் என்ன போட்டிருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு சட்டை நிறம்கூட நினைவுக்கு வரவில்லை.

பிறகு நீ அந்தக் கையில்லாத ரவிக்கையைப் பற்றி எழுதினாய். உன் வார்த்தையிலேயே சொல்கிறேன். "மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி கையில்லாத ரவிக்கை ஒன்று தைத்து வைத்திருக்கிறாள். மாமா ஆபீஸுக்குப் போனதும் போட்டுக்கொள்வாள். அவர் வருவதற்குள் கழற்றி மடித்து வைத்துவிடுவாள். யாரும் பார்க்காத ஃபேஷன் ஃபேஷன் இல்லை என்பார்கள். தோளில் காற்றுப் பட்டது மாமிக்குத் தெரியும்." இதைப் படித்துவிட்டு டிராயரை மூடினேன். மறுபடி திறந்து படித்தேன். அந்தக் கடைசி வரி போல ஒரு வரி, ஒன்றே ஒன்று, எனக்கு வந்திருந்தால் போதும் என்று தோன்றியது. அது தோன்றிய பிறகுதான், யார் அந்த மாமி என்ற கேள்வி வந்தது. எது முதலில் வந்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அது நீயா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவள் விசாரிக்கவில்லை. "மாட்டுங்காவுல நான் ஒருத்திதானா மாமி?" என்றாள். "நான் ஆபீஸ் போறவன், நீ மாமி, எழுதினவ நம்மாத்துப் பொண்ணு" என்றேன். "இந்த பில்டிங்ல இருக்கற எல்லா மாமாவும் ஆபீஸ்தான் போறா. யாரும் பெண்டாட்டியை வந்து கேட்டதாத் தெரியலை. நீங்க மட்டும் ஏன் கேக்கறேள்?" என்றாள். பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கேட்டேளே, அதுவே போறும்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உனக்கு விளங்கும். விளங்கினால் எழுதாதே, என்னிடம் வந்து சொல்.

அடுத்த வாரம் ஒரு நாள் தலைவலி என்று சொல்லி ஆபீஸிலிருந்து மத்தியானமே கிளம்பினேன். நம் கட்டடத்தின் வாசல் வரை வந்துவிட்டேன். மேலே அண்ணாந்து பார்த்தால் நம் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ரேடியோ சத்தம் கேட்டது, அதோடு சேர்ந்து அம்மா பாடும் சத்தமும். எனக்கு முன்னால் அவள் பாடி நான் கேட்டதில்லை. மாடிப்படியில் கால் வைத்தேன். அப்புறம் இறங்கி, பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா முழங்கை வரை வரும் ரவிக்கையில் கதவைத் திறந்தாள். காபி கொடுத்தாள். அந்தப் பகல் நேரத்துப் பெண்மணியை உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உன் எழுத்து அச்சில் வந்ததற்கு நான் பட்ட பொறாமை இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவள் அந்த ரவிக்கையை உனக்குக் காட்டியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று, நன்றாக இருக்கிறதா என்று உன்னைக் கேட்டிருக்கிறாள். நீ எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்றும் சொல்லியிருக்கிறாள். என்னை அவள் கடைசியாக எப்போது, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள் என்று நினைத்துப் பார்த்தேன். கேட்டிருப்பாள். நான் பேப்பரைத் திருப்பியிருப்பேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மதராஸுக்குப் போனால் என்ன ஆகும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய், நான் யோசித்துவிட்டேன். பத்திரிகை அலுவலகத்தில் என்னைப் போலப் படித்தவர்கள் இருப்பார்கள். நல்லவர்களாகவே இருப்பார்கள். உன் றகரத்தைச் சரி செய்வார்கள். எழுவாயைத் தேடிக் கொண்டுவந்து வாக்கியத்தில் உட்கார வைப்பார்கள். சித்தி வீட்டில் காதில் விழுவதெல்லாம் மயிலாப்பூர்த் தமிழாகவே இருக்கும். நாளடைவில் உன் தமிழில் பிழையே இல்லாமல் போய்விடும். அப்போது நீ எழுதுவதும் நான் எழுதுவதும் ஒரே மாதிரி இருக்கும். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் நல்ல தகப்பனாக முடித்திருப்பேன். சந்தோஷமாகவும் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்காதே. இருக்கிறது.

ஆகையால் என் புத்திமதியை என் பொறாமையிடமிருந்து காப்பாற்றிச் சொல்ல வேண்டும். யாரும் திருத்துவதற்கு முன்னால், நீ எழுதியபடியே ஒரு பிரதி வைத்துக்கொள். திருத்தியது வந்ததும் இரண்டையும் யாரிடமாவது வாசித்துக் காட்டு. படித்தவர்களிடம் காட்டாதே. எதைக் கேட்டுச் சிரிக்கிறார்களோ அதை அனுப்பு. அங்கேயும் மின்சார ரயில் ஓடுகிறது, மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும், அதிலும் பெண்கள் பெட்டி இருக்கிறது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று சித்தப்பா சொல்வார். வேண்டாம், ரயிலில் போய் வரும் தூரத்திலேயே இரு. கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். மாப்பிள்ளைக்கு எழுத்தில் ஆசை இருக்கிறது என்று சொன்னால் மறுத்துவிடு. வீட்டில் எழுதும் ஆள் ஒருவர் போதும். இன்னொருவருக்கு என்ன ஆகும் என்று உனக்கு இப்போது தெரியும்.

நீ கேட்ட வார்த்தை, போ. சந்தோஷமாகப் போய் வா என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும், பொய் வாக்கியத்தை நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய். நீ போனால் இந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருப்போம். அந்தப் பகல் நேரத்துப் பெண்மணியைப் பற்றி அவளிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதை எப்படித் தொடங்குவது என்று நீ ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் தொடங்குவதை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் மேஜை மேல் வைக்கப் போவதில்லை. ஆசிரியர் முகவரிக்கே அனுப்புகிறேன். அவருக்கு அச்சிட இஷ்டமிருந்தால் அச்சிடட்டும். இல்லாவிட்டால் மற்ற வாசகர் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி மாட்டுங்காவுக்கே அனுப்பிவைப்பார்கள். நம் தெரு முனையிலிருந்து கிளம்பி மதராஸ் போய் நம் வீட்டுக்கே வரும். "அப்பா" என்று போட்டு முடித்தால் நீ கட்டிலிருந்து இதை முதலில் உருவி எடுத்து, அப்பா எழுதியதாகப் படிப்பாய், பதிலுக்கு அழுவாய். என் பெயரைப் போட்டால், அது அச்சில் வருவது இதுவே முதல் தடவையாக இருக்கும், அதுவும் உன் தகப்பன் என்ற காரணத்துக்காக வரும். அது எனக்கு வேண்டாம். கட்டின் நடுவில் கிடந்து, இதன் முறை வரும்போது நீ பிரித்துப் படி. விலாசத்தை இடது கையால் எழுதப் போகிறேன், உள்ளே இருப்பதை, ஆபீஸில் தமிழ் டைப்ரைட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக, கையெழுத்தைப் பார்த்து நீ கண்டுபிடிக்க முடியாது. விஷயத்துக்கு நான் வந்து சேர்வதற்கு முன்னாலேயே, முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை வைத்தே, இது யார் என்று உனக்குத் தெரிந்துவிட்டால், எனக்கென்று ஒரு நடை இருந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நீ ஒருத்திதான் எனக்குச் சொல்ல முடியும். அதனால் பெயர் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.